நோட்டுப் புத்தகமும் ஒரு படமும்: திரையில் பெண் எப்படிக் காட்டப்படுகிறாள் என்று குறிப்பெடுக்கும் முறை

தமிழ்ப் படங்களிலும் தொடர்களிலும் பெண்களைக் காட்டும் விதம் சரியில்லை என்று வீட்டிலோ வகுப்பிலோ ஒருவர் சொன்னதும், எதிரே இருப்பவர் நான்கு நல்ல படங்களின் பெயரைச் சொல்வார். முதலில் பேசியவர் நான்கு மோசமான படங்களின் பெயரைச் சொல்வார். பேச்சு அத்துடன் நின்றுவிடும். கல்லூரி மாணவர்களோடு சேர்ந்து படம் பார்த்துப் பல ஆண்டுகளாகப் பேசிவரும் எனக்கு, இந்தப் பேச்சை அடுத்த படிக்கு நகர்த்தக்கூடியது குறிப்பு மட்டுமே என்று தோன்றுகிறது. எத்தனையாவது நிமிடத்தில், எந்தக் காட்சியில், யார் யாரிடம் என்ன சொன்னார், கேமரா அப்போது எங்கே இருந்தது என்று எழுதி வைத்திருப்பவரிடம் யாரும் "உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அந்தக் குறிப்பை எடுப்பது எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். தனியாகவும் செய்யலாம், நான்கைந்து பேர் சேர்ந்தும் செய்யலாம்.

எந்தப் படத்தை எடுப்பது

பிடிக்காத படத்தை எடுக்காதீர்கள். அதில் குறை காண்பதற்கு நோட்டுப் புத்தகமே தேவையில்லை. வசனங்கள் மனப்பாடமாகிவிட்ட, பண்டிகை நாளில் தொலைக்காட்சியில் போட்டால் பாதியிலிருந்தாவது உட்கார்ந்து பார்க்கிற படம் ஒன்றை எடுங்கள். அப்படிப்பட்ட படம்தான் நம் எண்ணத்துக்குள் எதையாவது விட்டுச் சென்றிருக்கும். அதைக் கண்டுபிடிப்பது சில சமயம் வலிக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதற்காக அந்தப் படத்தின் மீதுள்ள அன்பை விட்டுவிட வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

நிறுத்தி நிறுத்திப் பார்க்கக்கூடிய திரை ஒன்றும், ஒரு நோட்டும், பென்சிலும் போதும். பக்கத்தை நான்கு பத்திகளாகக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் நேரம், இரண்டாவதில் காட்சி, மூன்றாவதில் அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்பது, நான்காவதில் அவளுக்கு என்ன நேர்கிறது என்பது. கடைசி இரண்டு பத்திகளையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். பள்ளியில் எழுவாயையும் செயப்படுபொருளையும் பிரித்துக் காட்டச் சொல்வார்கள் அல்லவா, அதே வேலைதான் இங்கும். அவள் கடத்தப்படுகிறாள், காப்பாற்றப்படுகிறாள், பெண் பார்க்கப்படுகிறாள், மணம் முடித்து அனுப்பப்படுகிறாள் என்று நான்காவது பத்தி நிரம்பிக்கொண்டே போய், மூன்றாவது பத்தி வெறுமையாகக் கிடந்தால், அந்தப் பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் படத்தின் இலக்கணம் தெரிந்துவிடும்.

முதல் முறை பார்க்கும்போது எதையும் எழுதாதீர்கள். கதையோடு போய்விடுங்கள். முடிந்ததும், "இந்தப் பெண் இந்தப் படத்தில் விரும்புவது இன்னது" என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியத்தில் நாயகனின் பெயரோ, காதல், திருமணம் என்ற சொற்களோ வரக்கூடாது. எழுத முடியவில்லை என்றால் அதையும் அப்படியே தேதியிட்டு எழுதி வையுங்கள். அதுவே உங்கள் முதல் குறிப்பு.

அவள் திரைக்கு வரும் நேரம்

இரண்டாவது முறை பார்க்கும்போது அறிமுகக் காட்சியில் நெடுநேரம் நில்லுங்கள். நாயகனின் அறிமுகத்துக்கு இசையும் கூட்டமும் சண்டையும் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். பெண்ணின் அறிமுகத்தில் முதலில் தெரிவது எது? முகமா, பாதமா, கூந்தலா, இடுப்பா, அல்லது அவள் செய்துகொண்டிருக்கும் வேலையா? அவளை நமக்கு முதலில் காட்டுவது யாருடைய கண்? பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் நாயகன் திரும்பிப் பார்த்த பிறகுதான் அவள் திரைக்குள் வருகிறாள் என்றால், அவன் பார்க்காத நேரத்தில் அவள் எங்கே இருந்தாள் என்பதைப் படம் கேட்டுக்கொள்ளவே இல்லை என்று பொருள்.

அவளுடைய பெயரை முதன்முதலாக யார், எத்தனையாவது நிமிடத்தில் சொல்கிறார் என்று குறியுங்கள். அவளுக்கு ஒரு வேலையோ படிப்போ சொல்லப்பட்டிருந்தால், அது கதையில் எங்காவது பயன்படுகிறதா என்றும் பாருங்கள். மருத்துவர் என்று சொல்லப்பட்டு ஒரு நோயாளியைக்கூடத் தொடாத நாயகிகளும், செய்தியாளர் என்று சொல்லப்பட்டு ஒரு வரி எழுதாத நாயகிகளும் நமக்குப் புதியவர்கள் அல்லர். இதோடு நெருங்கியது, விமரிசகர்களும் ரசிகர்களும் "லூசுப் பொண்ணு" என்று பெயர் வைத்துவிட்ட வகை: சாலையில் குழந்தைகளோடு ஐஸ் சாப்பிட்டு, மழையில் ஆடி, வயதுக்கு வந்த பெண் எவரும் செய்யாத சிறுபிள்ளைத்தனங்களைச் செய்து, அதனாலேயே நாயகனுக்குப் பிடித்துப்போகிற பாத்திரம். இந்த வகையைக் கண்டால், அவள் படம் முழுவதிலும் தானாக எடுக்கும் முடிவுகளை எண்ணுங்கள். எந்த உடை, எந்தப் பரிசு என்பவற்றைத் தள்ளிவிட்டு, அவளுடைய வாழ்க்கையை மாற்றுகிற முடிவுகளை மட்டும் எண்ணுங்கள்.

கேமராவின் கண்

பிரிட்டனைச் சேர்ந்த திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி 1975இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, இன்று உலகம் முழுவதும் திரைப்பட வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. வெகுமக்கள் படங்களில் பார்ப்பவன் ஆணாகவும் பார்க்கப்படுபவள் பெண்ணாகவும் அமைந்துவிடுகிறார்கள். கேமரா, கதைக்குள் இருக்கும் ஆண், அரங்கில் அமர்ந்திருப்பவர் ஆகிய மூவரின் பார்வையும் ஒரே இடத்தில் கூடுகின்றன என்பது அவருடைய வாதத்தின் சாரம். இதைக் கோட்பாடாக ஏற்றுக்கொண்டு வர வேண்டிய தேவை இல்லை. உங்கள் படத்திலேயே சோதித்துப் பார்க்கலாம்.

அதற்கு ஒரு பாடல் காட்சியை எடுத்து, ஒலியை முழுவதுமாக அணைத்துவிட்டுப் பாருங்கள். மெட்டு போனதும் மிஞ்சுவது படச்சட்டகம்தான். ஒவ்வொரு ஷாட்டிலும் நிறுத்தி, சட்டகத்தில் முழு ஆள் இருக்கிறாரா, உடலின் ஒரு பகுதி மட்டும் இருக்கிறதா என்று குறியுங்கள். நாயகனுக்கும் அதே கணக்கை எடுங்கள். ஒருவருக்கு மட்டும் எடுத்த கணக்கு எதையும் நிரூபிக்காது. பனிமலையில் எடுத்த பாடல்களில் உடையை ஒப்பிட்டால் வேறு எந்த விளக்கமும் தேவைப்படாது: அவன் கழுத்துவரை மூடிய குளிர்காலக் கோட்டும் காலணியும் அணிந்திருப்பான், அவள் மெல்லிய சேலையோடு வெறுங்காலில் ஆடிக்கொண்டிருப்பாள். அந்தக் குளிரில் நின்றது கதாபாத்திரம் மட்டுமல்ல. வேலைக்கு வந்த ஒரு நடிகையும் அங்கே நின்றிருக்கிறார் என்பது நினைவில் இருக்கட்டும்.

ஒரு ஷாட்டுக்கு முன்னால் யாருடைய முகம் வருகிறது, பின்னால் யாருடைய முகம் வருகிறது என்றும் பாருங்கள். ஆணின் முகம், பிறகு பெண்ணின் இடுப்பு, மீண்டும் ஆணின் முகம் என்று படத்தொகுப்பு அமைந்திருந்தால், பார்ப்பது யார் என்பதைப் படமே சொல்லிவிட்டது. இதற்கு மாறாக, பெண் ஒருத்தி எதையோ உற்றுப் பார்க்க, அவள் பார்ப்பதையே நாமும் பார்க்கும் காட்சிகள் எத்தனை இருக்கின்றன என்பதைத் தனியாக எண்ணி வையுங்கள்.

பேச்சைக் கணக்கெடுப்பது

அமெரிக்க ஓவியர் அலிசன் பெக்டல் 1985இல் தன் படக்கதைத் தொடரில் ஒரு பாத்திரத்தின் வாய்வழியாகச் சொன்ன விதி இன்று அவருடைய பெயரிலேயே 'பெக்டல் சோதனை' என்று வழங்குகிறது. அந்த எண்ணத்தைத் தந்தவர் தன் தோழி லிஸ் வாலஸ் என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். படத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். அந்தப் பேச்சு ஓர் ஆணைப் பற்றியல்லாத வேறொன்றைப் பற்றியும் இருக்க வேண்டும். இவ்வளவு எளிய மூன்று நிபந்தனைகளில் எத்தனை படங்கள் இடறுகின்றன என்பதை உங்களுக்குப் பிடித்த பத்துப் படங்களில் நீங்களே பாருங்கள்.

ஆனால் இந்தச் சோதனையோடு நிறுத்திவிடக் கூடாது. நம் மாலை நேரத் தொடர்கள் இதில் எளிதாகத் தேறிவிடும். மாமியாரும் நாத்தனாரும் சொத்துப் பத்திரத்தைப் பற்றிச் சமையலறையில் சதி பேசினாலும் மூன்று நிபந்தனைகளும் நிறைவேறிவிடுகின்றன. மறுபக்கம், பி. எஸ். வினோத்ராஜ் இயக்கி 2024இல் வெளிவந்த 'கொட்டுக்காளி'யில், தான் விரும்பியவனை விட்டுவிடும்படி பேயோட்ட அழைத்துச் செல்லப்படும் மீனா என்ற பெண் ஏறத்தாழப் பேசுவதே இல்லை. சுற்றியிருக்கும் ஆண்கள்தாம் ஓயாமல் பேசுகிறார்கள். வசனத்தை மட்டும் எண்ணினால் அவள் அந்தப் படத்தில் இல்லை என்றே கணக்கு சொல்லும். பார்த்தவர்களுக்கோ அவளுடைய மௌனத்துக்கு எதிரே அத்தனை பேச்சும் சிறுத்துப்போவது தெரியும். ஆகவே எண்ணிக்கையை எடுங்கள், ஆனால் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அந்த மௌனம் எப்படிப்பட்டது என்பதையும் எழுதுங்கள். பேச விடாததால் வந்த மௌனமும் பேச மறுத்ததால் வரும் மௌனமும் வேறு வேறு.

தமிழ்ப் பேச்சில் எடுக்கக்கூடிய இன்னொரு கணக்கு இருக்கிறது. மேலே சொன்ன வெளிநாட்டுச் சோதனையில் இது கிடைக்காது. எனக்கு மிகவும் பயன்பட்டதும் இதுதான். யார் யாரை "நீ" என்கிறார், யார் யாரை "நீங்க" என்கிறார் என்று பட்டியல் போடுங்கள். திருமணத்துக்கு முன் இருவரும் "நீ, வா, போ" என்று சமமாகப் பேசிக்கொண்டிருந்து, தாலி ஏறிய மறு காட்சியிலேயே அவள் மட்டும் "என்னங்க" என்று மாறுகிறாளா? அவன் "வாடி, போடி" என்கிறான். அவள் "வாடா, போடா" என்றால் அதைப் படம் செல்லமாகக் காட்டுகிறதா, திமிராகக் காட்டுகிறதா? ஒரு பெண் அதிகாரியைக் கீழே வேலை செய்யும் ஆண் எந்த இடத்தில் "அவங்க" என்பதிலிருந்து "அவ" என்பதற்கு இறக்குகிறான்? மூத்த மருமகள் கணவனின் தம்பியை மரியாதையாக அழைக்க, அவன் அவளுக்கு அதே மரியாதையைத் திருப்பித் தருகிறானா? விகுதியில் நடக்கும் இந்த ஏற்ற இறக்கங்களை வசனகர்த்தா திட்டமிட்டு எழுதியிருக்கவும் வேண்டாம். வீட்டில் கேட்டதை அப்படியே எழுதியிருக்கலாம். திரைக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் கதவு இந்த விகுதிகளில்தான் திறந்து கிடக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

பழமொழிகளையும் விட்டுவிடாதீர்கள். "பொம்பள சிரிச்சாப் போச்சு", "கல்லானாலும் கணவன்" போன்றவை வரும் இடங்களில், சொல்பவர் வில்லனா, நகைச்சுவை நடிகரா, மதிப்புக்குரிய பாட்டியா என்று எழுதுங்கள். வில்லன் சொல்வதற்கும், படம் நல்லவர் என்று நிறுவிய ஒருவர் சொல்லி, எதிரே இருப்பவர்கள் தலையசைப்பதற்கும் வேறுபாடு பெரிது.

அவள் பேசும் குரல் யாருடையது என்பதும் இதில் சேரும். தமிழ் அறியாத நடிகைகள் நாயகிகளாக நடிப்பதும், டப்பிங் கலைஞர்கள் அவர்களுக்குக் குரல் தருவதும் நம்மிடம் நெடுங்கால வழக்கம். மதுரையிலோ கோவையிலோ பிறந்ததாகக் கதை சொல்லும் ஒரு பெண், ஊரெல்லாம் வட்டார வழக்கில் பேசும்போது தான் மட்டும் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத தமிழைப் பேசினால், படம் அவளுக்கு ஊரையே தரவில்லை. டைட்டில் கார்டில் அந்தக் குரல் கலைஞரின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

துரத்தல் காட்சியை எழுதிப் பார்க்கும் முறை

இந்தப் பகுதியைச் செய்யாமல் எந்தக் குறிப்பும் முழுமை பெறாது. பெண்ணின் பின்னால் நாள்கணக்கில் சுற்றி, வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்ல விடாமல் தொடர்ந்து, இறுதியில் அவளைச் சம்மதிக்க வைப்பதைக் காதல் என்று நாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவருகிறோம். 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் காலை நேரத்தில் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, ஒருதலைக் காதலைத் தமிழ்ப் படங்கள் காட்டும் விதம் குறித்துத் தமிழ்நாட்டில் பரவலாக விவாதம் எழுந்தது. ஒரு படத்தைப் பார்த்து ஒருவன் கொலைகாரன் ஆனான் என்று சொல்வது எளிது. அப்படி நேர்க்கோடு போட யாரிடமும் ஆதாரம் இல்லை, நானும் போடவில்லை. ஆனால் "வேண்டாம்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதைப் படங்கள் கற்றுத்தருகின்றன என்பதை மறுக்க முடியாது. அந்தப் பொருளைத்தான் நாம் நோட்டில் பிடிக்க வேண்டும்.

துரத்தல் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, பாடலையும் நகைச்சுவையையும் நாயகனின் நல்ல மனத்தையும் நீக்கிவிட்டு, நடந்த செயல்களை மட்டும் காவல் நிலையத்தில் கொடுக்கும் புகார் மனுவைப் போல எழுதுங்கள். "மேற்படி நபர் காலை கல்லூரி வாசலில் நின்றார். அவர் என்னுடைய தோழியிடம் என் கைப்பேசி எண்ணைப் பெற்றார். நான் மறுத்த பிறகும் என் வீட்டு மாடிக்கு ஏறி வந்தார்." இப்படி எழுதி முடித்ததும் ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். வகுப்பில் இதைச் செய்யும்போது, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மாணவர்கள் மூன்றாவது வரியில் அமைதியாகிவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். பெண்ணைப் பின்தொடர்வதை 2013ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தனிக் குற்றமாக்கியது. 2024 ஜூலை முதல் அது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் இருக்கிறது. உங்கள் மனுவில் உள்ள எந்தெந்த வரி அந்தப் பிரிவுக்குள் வரும் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு அவள் எத்தனை முறை மறுத்தாள் என்று எண்ணி, ஒவ்வொரு மறுப்புக்கும் படம் அடுத்து என்ன செய்தது என்று எழுதுங்கள். சிலவற்றில் அடுத்த ஷாட்டிலேயே அவள் ஒளிந்து நின்று புன்னகைப்பாள். அந்த ஒரு புன்னகைதான் முந்தைய மறுப்புகள் எல்லாவற்றையும் பொய்யாக்குகிறது என்பதால், அது வரும் நிமிடத்தைக் கட்டாயம் குறித்துவையுங்கள்.

கன்னத்தில் விழும் அறைகளுக்கும் இதே கணக்கு பொருந்தும். யார் யாரைக் கன்னத்தில் அறைகிறார், அடுத்த காட்சியில் அறை வாங்கியவர் திருந்துகிறாரா, பிரிகிறாரா, காதல் கொள்கிறாரா என்று எழுதுங்கள். பாலியல் வன்முறைக் காட்சிகளைப் பொறுத்தவரை, அவற்றை மீண்டும் மீண்டும் நிறுத்திப் பார்க்க வேண்டியதில்லை. குழுவில் யாருக்கேனும் அது தாங்க முடியாததாக இருக்கலாம். அந்தக் காட்சிக்குப் பிறகு கதை யாருடையதாகிறது என்பதை மட்டும் பாருங்கள். அவளுடைய வாழ்வு தொடர்கிறதா, அல்லது அண்ணனின் பழிவாங்கலுக்குக் காரணமாக இருந்துவிட்டு அவள் கதையிலிருந்து போய்விடுகிறாளா என்பது போதும்.

இரண்டு பெண்கள் இருக்கும் படங்கள்

ஒரே ஆணைச் சுற்றி இரண்டு பெண்கள் இருக்கும் படம் கிடைத்தால், பரிசும் தண்டனையும் என்று தனிப் பக்கம் ஒதுக்குங்கள். 1999இல் வெளிவந்த 'படையப்பா' இதற்கு நல்ல பாடம். வெளிநாட்டில் படித்துவந்த நீலாம்பரி தான் விரும்பியதைத் தானே கேட்கிறாள். அவளுடைய வீட்டில் வேலை செய்யும் வசுந்தரா கேட்பதே இல்லை. கேட்காதவளுக்கு நாயகன் கிடைக்கிறான். கேட்டவள் பல ஆண்டுகள் அறைக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, இறுதியில் தன்னையே சுட்டுக்கொள்கிறாள். அவள் செய்த கொடுமைகளும் அந்தப் படத்தில் இருக்கின்றன என்பதால், அவளைப் படம் தண்டித்தது எதற்காக என்பதை நிதானமாகப் பிரிக்க வேண்டும்: கொடுமைக்காகவா, ஆசையைச் சொன்னதற்காகவா? இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுவதில்தான் இத்தகைய கதைகளின் வேலை முடிகிறது. இத்தனைக்கும், படம் வந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகும் மக்கள் நினைவில் நிமிர்ந்து நிற்பவள் ரம்யா கிருஷ்ணனின் நீலாம்பரிதான். கதை ஒரு தீர்ப்பை எழுதினாலும் நடிப்பு வேறொரு தீர்ப்பை எழுதிவிட முடியும் என்பதற்கும் உங்கள் நோட்டில் ஓர் இடம் வைத்திருங்கள்.

நாயகியைத் தவிர்த்த பெண்களையும் கவனியுங்கள். கறுத்த நிறத்தையோ பருத்த உடலையோ வைத்து எழுதிய நகைச்சுவைக்கு ஆளாகும் பெண்ணுக்குப் பெயர் உண்டா? வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு, வயலில் நிற்கும் பெண்ணுக்கு, நாயகனின் அம்மாவுக்குப் பெயர் உண்டா? சாதியும் வசதியும் மாற மாற ஒரே படம் பெண்களுக்குத் தரும் மரியாதையும் மாறுகிறது. நாயகியை மட்டும் வைத்துப் படத்தை எடைபோட்டால் இது தெரியாமலே போய்விடும்.

தொடர்களுக்கு வேறு வழி

ஆயிரக்கணக்கான பகுதிகள் ஓடும் தொடரை முழுவதும் பார்த்துக் குறிப்பெடுப்பது யாராலும் ஆகாது. ஒரு வாரத்தின் பகுதிகளை எடுத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒரு வாரத்தை எடுத்து ஒப்பிடுவதே போதுமானது. தொடர்களில் பெண்கள் ஏராளம்; கதையை நகர்த்துபவர்களும் அவர்களே. ஆகவே இங்கே இருப்பையோ வசனத்தையோ எண்ணுவதால் பயன் குறைவு. இடத்தையும் பணத்தையும் பாருங்கள். காட்சி கூடத்திலா, சமையலறையிலா, பூஜையறையிலா, வாசலுக்கு வெளியிலா? அலுவலகம் காட்டப்பட்டால் அங்கே அலுவலக வேலை நடக்கிறதா, வீட்டுச் சண்டை அங்கேயும் தொடர்கிறதா? வங்கிக் கணக்கு, பீரோச் சாவி, வண்டி யாருடைய கையில்? வில்லிக்குக் கனத்த பட்டுச்சேலையும் அழுத்தமான பொட்டும், நல்லவளுக்கு வெளிறிய பருத்திச் சேலையும் தரப்பட்டிருக்கிறதா என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடலாம்.

தொடரை எப்படிக் காட்டினார்கள் என்பதோடு, மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். 2022 முதல் 2024 வரை ஒளிபரப்பான 'எதிர்நீச்சல்' தொடர், படித்த மருமகள்களை வீட்டுக்குள் அடக்கி வைத்திருக்கும் ஆதி குணசேகரன் என்ற குடும்பத் தலைவனை எதிர்த்து அந்தப் பெண்கள் நிமிர்வதைப் பற்றியது. மாரிமுத்து அந்தப் பாத்திரத்தை அத்தனை உயிரோட்டமாக நடித்ததால், அவர் வீட்டுப் பெண்களை அதட்டும் "இந்தாம்மா ஏய்" என்ற சொல் மீம்களாக ஊரெங்கும் பரவியது. பெண்களை அடக்குவதைக் கண்டிக்க எழுதிய ஒரு பாத்திரத்தின் அதட்டல், வீடுகளில் வேடிக்கையாகத் திரும்ப ஒலித்தது. எழுதியவர்களின் நோக்கத்தை இதை வைத்துக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டில், அலுவலகத்தில், யார் யாரிடம் அந்த வசனத்தைச் சொல்லிச் சிரித்தார்கள் என்பதையும் எழுதி வைத்தால், தொடரைப் பற்றிய குறிப்பு அப்போதுதான் முழுமையாகும்.

விளம்பரங்களுக்கு நேரம் அதிகம் வேண்டாம். தொடரின் இடைவேளையில் வரும் விளம்பரங்களில் துவைப்பவர், பரிமாறுபவர், முதலீடு பற்றி முடிவெடுப்பவர், கார் ஓட்டுபவர் யார் யார் என்று கோடு போட்டுக்கொண்டே போங்கள். ஒரே மாலையில் நிலைமை தெளிந்துவிடும்.

பழைய படங்களோடு ஒப்பிடும்போது

காலம் போகப் போக எல்லாம் மேம்பட்டுக்கொண்டே வந்திருக்கும் என்ற நினைப்போடு ஒப்பிடத் தொடங்காதீர்கள். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) படத்தில் நாயகியாக நடித்த டி. பி. ராஜலட்சுமி, 1936இலேயே 'மிஸ் கமலா'வை இயக்கித் தமிழின் முதல் பெண் இயக்குநரானார். அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் இயக்குநர் நாற்காலியில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தார்கள். ஆகவே டைட்டில் கார்டை வேகமாகக் கடத்திவிடாமல், எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய நான்கிலும் பெண்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் படத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974), ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978) ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. முதல் படத்தின் கவிதா, சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்குகிறாள். இறுதியிலும் குடும்பத்துக்காகவே தன் வாழ்வை விட்டுக்கொடுத்து மீண்டும் வேலைக்குப் போகிறாள். இரண்டாவது படத்தின் மஞ்சு விளம்பர நிறுவனத்தில் வேலை செய்பவள். யாருக்காகவும் தியாகம் செய்யும் பொறுப்பு அவளுக்கு இல்லை, அதனால் படத்துக்குள் இருக்கும் ஆண்களுக்கு அவளை எந்த இடத்தில் வைப்பது என்றே தெரியவில்லை. பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் முற்போக்கான அருணும்கூட இறுதியில் அவளை விட்டுவிட்டு, பெண் விடுதலை என்றால் என்ன என்று கேட்டால் தெரியாது என்று சொல்லும் ஒருத்தியை மணந்துகொண்டு வருகிறான். சம்பளம் வாங்கும் பெண் திரைக்கு வந்துவிட்டாள் என்பதோடு நிறுத்தாமல், அந்தச் சம்பளம் யாருக்குப் போகிறது, அவளுக்கு எதை வாங்கித் தருகிறது என்று கேட்க இந்த இரண்டு படங்களும் கற்றுத்தரும். அதே கேள்வியை இந்த ஆண்டு வந்த படத்திடமும் கேளுங்கள்.

குறிப்பை எங்கே கொண்டுபோவது

குறிப்பு முடிந்ததும் அதிலிருந்து ஒரு பக்கம் எழுதுங்கள். பத்து விஷயங்களைத் தொட்டுச் செல்வதைவிட, விகுதி மாற்றத்தையோ துரத்தல் காட்சியையோ ஒன்றை மட்டும் எடுத்து, நிமிடக் கணக்கோடு எழுதினால் படிப்பவர் தானே அந்தப் படத்தைப் போட்டுப் பார்ப்பார். படத்தில் உண்மையாகவே நன்றாக வந்திருக்கும் இடத்தையும் அதே கவனத்தோடு எழுதுங்கள். எழுதியவர்களுக்கும் நடித்தவர்களுக்கும் அது போய்ச்சேர வேண்டும்.

சில காட்சிகள் விமரிசனத்தோடு விட்டுவிட முடியாத அளவுக்கு இழிவானவையாக இருக்கும். அவற்றுக்குப் புகார் வழிகள் உண்டு. தொலைக்காட்சியில் வந்ததாக இருந்தால், கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள், 1994இன் நிகழ்ச்சி நெறிமுறை, பெண்களை இழிவுபடுத்தும் காட்சிகளைத் தடை செய்கிறது. முதலில் அந்தத் தொலைக்காட்சி நிறுவனத்துக்கே எழுத வேண்டும். 2021இல் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி அவர்கள் 15 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும், அதில் நிறைவு இல்லையென்றால், தொலைக்காட்சி நிறுவனங்கள் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட தன்னொழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். ஓடிடி தளங்களுக்கும் அதே ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்கீழ் குறைதீர் அலுவலர் இருக்கிறார். விளம்பரங்களுக்கு, 1985 முதல் இயங்கிவரும் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுமத்துக்கு எழுதலாம். ஆண் இப்படி, பெண் இப்படி என்று ஒரே அச்சில் காட்டித் தீங்கு விளைவிக்கும் பாலின வார்ப்புகளுக்கு எதிரான வழிகாட்டுதலை அது 2022இல் வெளியிட்டது. திரையரங்குப் படங்களுக்குத் தணிக்கை வாரியத்தின் 1991ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களில், பெண்களை எவ்வகையிலும் இழிவுபடுத்தும் காட்சிகள் இடம்பெறக் கூடாது என்ற வரி இருக்கிறது.

புகாரில் கோபத்தை விரித்து எழுத வேண்டாம். நிகழ்ச்சியின் பெயர், ஒளிபரப்பான தேதி, நேரம், காட்சி எத்தனையாவது நிமிடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது, சொல்லப்பட்ட வசனம் வரிக்கு வரி, எந்த விதிக்கு அது மாறானது என்ற இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். இந்த விவரங்களில் பெரும்பாலானவை உங்கள் நோட்டின் முதல் இரண்டு பத்திகளில் ஏற்கெனவே இருக்கும். அனுப்பிய தேதியையும், வந்த பதிலையும் அதே பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை குழுவில் வேறு யாராவது எழுதும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.